1.02

சென்ற கோடை விடுமுறையில் வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆறு வாரம் பயிற்சி பெற்றேன். அங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்லவே இக்கட்டுரை. துறை நண்பர்கள் கேலி செய்யலாம். செய்து முடித்தபின் தங்கள் செய்முறைப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

ஹீலியம்-நியான் லேசரின் கதிரை 200 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள வில்லையால் குவித்து, குவியும் இடத்துக்கு முன்னும் பின்னும் கேமராவை நகர்த்திக் கதிரின் அகலத்தை அளப்பது எனக்குத் தந்த வேலை. வில்லையில் விழும்போது விட்டம் 0.8 மில்லிமீட்டர், குவியத்தில் ஏறத்தாழ 0.2 ஆக ஒடுங்க வேண்டும். ஒடுங்கி விரியும் அந்த வளைவிலிருந்து எம் ஸ்கொயர் என்னும் எண்ணை மென்பொருள் கணக்கிட்டுத் தரும். கதிரின் செம்மைக்கு அதுவே அளவுகோல். குற்றமற்ற காஸியன் கதிருக்கு அது 1. அதற்குக் கீழே போக இயற்கை இடம் தராது.

பத்து இடங்களில் அளந்தேன். திரையில் வந்தது 0.83! இயற்கையையே வென்றுவிட்டேனோ என்று ஒரு கணம் மகிழ்ந்தது உண்மை. காரணம் அற்பமானது. எனக்கு முன் வந்தவர் வேறொரு லேசருக்காக அலைநீளத்தை 1064 நானோமீட்டர் என்று வைத்திருந்தார். என் லேசருக்கு 632.8. திருத்தியதும் எண் 1.4 ஆயிற்று. இது கூடுதல். நல்ல ஹீலியம்-நியான் கதிருக்கு 1-ஐ ஒட்டியே வர வேண்டும்.

இங்கேதான் சறுக்கினேன். மென்பொருளில் பின்னணி ஒளியை வெட்டும் அளவு ஒன்று உண்டு. அதைச் சிறிது சிறிதாக ஏற்றினேன், எண் இறங்கியது. 1.02 வந்ததும் நிறுத்தி, மையால் எழுதிவிட்டேன்.

வழிகாட்டியான அம்மையார் பார்த்தார். "எந்த அமைப்பில் எடுத்தாய், தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. குறித்து வைக்கவில்லையே!

பிறகு அவரே விளக்கினார். அகலத்தைக் கணக்கிடும்போது ஒவ்வொரு பிக்சலின் ஒளியும் நடுவிலிருந்து உள்ள தொலைவின் வர்க்கத்தால் பெருக்கப்படுகிறது. பத்து மடங்கு தள்ளியுள்ள சிறு இரைச்சல் நூறு மடங்கு பேசும், 1.4 வந்தது அதனால்தான். நானோ இரைச்சலோடு கதிரின் ஓரத்தையும் சேர்த்து வெட்டியிருந்தேன். கதிரை மறைத்து, அதே நேர அளவில் ஓர் இருட்டுப்படம் எடுத்துக் கழிக்க வேண்டும். கழித்து வரும் எதிர்க்குறி எண்களைச் சுழியாக்கக் கூடாது. கணக்கிடும் சட்டம் கதிரைப்போல் மூன்று மடங்கு அகலம் இருக்க வேண்டும். எந்தப் பிக்சலும் நிரம்பி வழியக் கூடாது. பின் ஒரு சவர பிளேடைத் தந்து, கதிரின் குறுக்கே நகர்த்தச் சொன்னார். வெளிவரும் ஒளி 84 விழுக்காட்டிலிருந்து 16 ஆகும்வரை பிளேடு நகர்ந்த தூரமே காஸியன் கதிரின் ஆரம். ஒரு ரூபாய் பிளேடு என் பொய்யைக் காட்டிக் கொடுத்தது. முறைப்படி மீண்டும் அளந்தபோது வந்தது 1.12.

0.83 நல்ல தவறு. தன்னைத் தானே காட்டிக்கொண்டது. 1.02 அப்படியா? மதிப்பெண்ணே கிடைத்திருக்கும். தனி ஊசலில் 'ஜி' 980 வரும்வரை இருபது அலைவுகளின் நேரத்தைத் திருத்தியவர்கள் நம்மில் எத்தனை பேர்? கணிப்பொறி வந்தபின் அந்த வேலை சுலபமாகிவிட்டது, அவ்வளவே. அடித்துத் திருத்திய தடம்கூட மிஞ்சுவதில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் முடிவுக்கு முன்னால் கருவி அமைப்புகளுக்கென ஒரு பக்கம் வையுங்கள். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். விடை பிசகினால் பாதி மதிப்பெண் போகும் என்ற அச்சம் இருக்கும்வரை நாங்கள் திருத்திக்கொண்டேதான் இருப்போம்.

அந்த 1.02-ஐ நான் கிழித்தெறியவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோட்டுக்குக் கீழே அம்மையாரின் கையொப்பமும் தேதியும் இருக்கின்றன.

— முதுகலை இயற்பியல் இரண்டாமாண்டு மாணவன்