டீசலை குடிக்கும் பழைய குட்டி யானை: என்ஜினை பிரிக்கும் முன் இதை பாருங்க!

வையம்பட்டி:
திண்டுக்கல் ரோட்டில் காய்கறி, வைக்கோல், செங்கல் என எதை ஏற்றினாலும் ஓடும் வண்டி குட்டி யானை. 2005-ம் ஆண்டு டாடா ஏஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2 சிலிண்டர், 702 சி.சி. டீசல் என்ஜின். பழைய வண்டிகள் இன்றும் பல குடும்பங்களுக்கு சோறு போடுகின்றன. ஆனால் வயசாக ஆக, 'மைலேஜ் தர மாட்டேங்குது' என்ற புலம்பலும் கூடவே வருகிறது.

இது சின்ன விஷயம் இல்லை. வையம்பட்டியில் இருந்து திருச்சி காந்தி மார்க்கெட் போய் வர சுமார் 100 கிலோ மீட்டர். லிட்டருக்கு 20 கொடுத்த வண்டி 14-க்கு இறங்கினால், 5 லிட்டரில் முடியும் டிரிப்புக்கு 7 லிட்டருக்கு மேல் போகும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் தினமும் 180 ரூபாய் நஷ்டம். மாதம் 25 நாள் ஓடினால் 4 ஆயிரத்து 500 ரூபாய். பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் புகையாக போகிறது!

கணக்கு சரியா?

200, 300 ரூபாய்க்கு டீசல் போட்டு மைலேஜ் பார்த்தால் தப்பாகத்தான் வரும். டேங்கை புல் செய்து, 200 கிலோ மீட்டராவது ஓட்டி, மறுபடி புல் செய்யுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும். மீட்டர் கேபிள் கோளாறு என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

காசு செலவில்லாத சோதனை

டயரில் காற்று குறைந்தாலே டீசல் கூடும். அடுத்து பிரேக். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நாலு வீல் பக்கமும் கையை கிட்டே கொண்டு போய் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாக கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம். டேங்க், பைப், பம்ப் பக்கம் டீசல் ஈரம் இருக்கிறதா என்றும் பார்க்கணும்.

புகை சொல்லும் சேதி

கறுப்பு புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். ஏர் பில்டர், நாசில், பம்பை பாருங்கள். நீல புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளை புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

'ஹீட் ஆகுது' என்று தெர்மோஸ்டாட் வால்வை கழற்றி எறிவதும் தப்பு. என்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசலை இழுக்கும்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லையா? கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டுமே கம்பிரஷன் செக் பண்ண சொல்லுங்கள். அதை பார்க்காமலேயே யாராவது 'போர் வேலை பண்ணணும்' என்றால், சாவியை கையில் எடுத்துக்கொண்டு இன்னொரு மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஏர் பில்டரில் முடியும் வேலைக்கு என்ஜினை இறக்கினால், ஆயிரக்கணக்கில் கடன்தான் மிச்சம்.