காவிரிக்காக ஒரு கிட்டார்

மைசூரில் வாழும் தமிழர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜூலை பிறந்துவிட்டால் காலைப் பேப்பரில் தலைப்புச் செய்திக்கு முன் காவிரியின் கேஆர்எஸ் அணை நீர்மட்டத்தைத்தான் தேடுவோம். 124.80 அடியைத் தொட்டால் அந்த வருஷம் நிம்மதி. தொடாவிட்டால், பஸ்ஸில் உட்கார்ந்து ஊருக்கு போன் பேசும்போது குரல் தானாகவே இறங்கிவிடும். 1991, 2016 காவிரிக் கலவரங்களைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதே மைசூரில் வளர்ந்த ஒருவர் அந்த ஆற்றுக்காக ஒரு ராக் பாட்டு பாடியிருக்கிறார். பெயர் வாசு தீட்சித். லுங்கியும் சலங்கையும் கட்டி உலக மேடைகளில் பாடிய ரகு தீட்சித்தின் தம்பி. அண்ணன் தன் பெயரிலேயே குழு நடத்தினார். தம்பி முன்னின்று பாடுவது பெங்களூரின் 'ஸ்வராத்மா'வில். 2009-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 'ப்யாசி' என்றொரு பாட்டு. காவிரித் தகராறுதான் பொருள். ஆனால் பேசுவது கர்நாடகமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. ஆறே பேசுகிறது. அதுவும் தாகத்தோடு.

2018-ல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் விடவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்குக் கட்டுகளில் இரண்டு பக்கமும் மாநிலங்கள்தான். காவிரிக்கென்று வக்கீல் கிடையாது. அவள் சார்பாக ஆஜரானது ஐந்தாறு இளைஞர்களும் ஒரு வயலினும்.

கோபத்தை ஆட்டத்தில் ஒளித்துச் சொல்லும் வித்தை ஏற்கெனவே உண்டு. அமெரிக்காவின் க்ரீன் டே குழு 1994-ல் 'டூக்கி' ஆல்பத்தால் பாப் பங்க் என்ற பாணியை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. துள்ளவைக்கும் மெட்டு, உள்ளே எரிச்சல். அதுதான் அந்த இசையின் சூட்சுமம். 2004-ல் அதே துள்ளலோடு 'அமெரிக்கன் இடியட்' என்று சொந்த நாட்டையே வைதார்கள். ஸ்வராத்மாவை யாரும் பாப் பங்க் என்று சொல்வதில்லை. நாட்டுப்புற ராக் என்பார்கள். ஆனால் சூட்சுமம் அதேதான். 2012-ல் வந்த 'டோப்பிவாலே' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு அரசியல்வாதிகளைக் கிண்டலடிக்கிறது. அதே ஆல்பத்தின் 'கும்' குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைப் பேசுகிறது. மேடையிலோ வாசு இடுப்பில் குதிரையைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார். நம்மூர் பொய்க்கால் குதிரையேதான், கால்கட்டை மட்டும் இல்லை. கூட்டம் சிரித்துக்கொண்டே ஆடும்போது விஷயம் உள்ளே இறங்கிவிடுகிறது.

சினிமாப் பாட்டு இல்லாமல் இந்தியாவில் ஒரு இசைக்குழு பிழைப்பது லேசில்லை. இவர்கள் 2006-ல் ரேடியோ சிட்டி நடத்திய போட்டியில் ஜெயித்தார்கள். பிறகு பிரிட்டிஷ் கவுன்சில் திட்டம் ஒன்றில், ரேடியோஹெட் குழுவின் 'தி பெண்ட்ஸ்' ஆல்பத்தைத் தயாரித்த ஜான் லெக்கியோடு பதிவு செய்தார்கள். இரண்டாவது ஆல்பமான 'டோப்பிவாலே'யை இசையமைப்பாளர் லாய் மெண்டோன்ஸா தயாரித்தார். மூன்றாவது ஆல்பம் 'ராஹ்-எ-ஃபகீரா' வர 2018 ஆனது. ஒரு ஆல்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அத்தனை வருஷங்கள். இடைக்காலத்தில் சோறு போட்டது மேடைக் கச்சேரிதான்.

எனக்கு ஒரே ஒரு குறை. 'ப்யாசி'யில் காவிரி பாடுவது இந்தியில். குடகில் பிறந்து பூம்புகாரில் கடல் சேர்கிறவளுக்கு வழியில் எங்கே இந்தி வந்தது? வடக்கே கேட்பவர்களுக்குப் புரியவேண்டும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் சண்டை போடுவது மண்டியாவும் தஞ்சாவூரும். அவர்கள் காதில் விழவேண்டுமானால் அவள் கன்னடத்திலும் தமிழிலும் பேசியாகவேண்டும்.

அதற்கு ஆளில்லாமல் இல்லை. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராக்கையும் ராப்பையும் கலந்து அரசியல் பாடிக் காட்டிவிட்டது. மைசூரிலோ தசராவையொட்டி இளைஞர்களுக்கான யுவ தசரா நடக்கிறது. சினிமாப் பாடகர்களுக்கே பெரும்பாலும் மேடை. அதில் ஒரே ஒரு மாலையை, தமிழ்நாட்டுக் குழு ஒன்றுக்கும் கர்நாடகக் குழு ஒன்றுக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும். தலைப்பு காவிரி. தசரா கமிட்டிக்கு இது என் விண்ணப்பம். கூட்டம் சேருவதற்கு நான் பொறுப்பு.