டப்பாவில் 'லோ வி.ஓ.சி.'... வீட்டுக்குள்ளே? பச்சை சான்றிதழ் கேட்க மறக்கும் கேள்வி

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தாச்சு. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் ஃப்ளாட் பார்க்கிறவர்களுக்கு, விளம்பரத்தில் 'கிரீன் பில்டிங்' என்று பார்த்தாலே ஒரு நிம்மதி. அந்தச் சான்றிதழுக்கான புள்ளிகளில் சுவரில் அடிக்கும் பெயின்ட்டுக்கும் பங்கு உண்டு. சரி, அந்த பெயின்ட்டை எப்படிச் சோதிக்கிறாங்க?

இரண்டு சோதனைகள்

புது பெயின்ட் வாடைக்குப் பின்னால் இருப்பவை வி.ஓ.சி. எனப்படும், எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். கண் எரிச்சல், தலைவலியில் தொடங்கி, சில வகைகள் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

இந்தியப் பசுமைக் கட்டிடக் கவுன்சில் (ஐ.ஜி.பி.சி.) இதற்கு அளவு வைத்திருக்கிறது. லிட்டருக்கு மேட் பெயின்ட்டில் 50 கிராம், பளபளப்பான பெயின்ட்டில் 150 கிராம், துருத் தடுப்பு பெயின்ட்டில் 250 கிராம். இது டப்பாவுக்குள் என்ன இருக்கு என்ற கணக்கு.

அமெரிக்காவின் லீட் சான்றிதழ், நான்காம் பதிப்பில் இன்னொன்றையும் கேட்கிறது. பெயின்ட் பூசிய தகட்டை 10 நாள் பதப்படுத்தி, பிறகு 4 நாள் மூடிய சோதனை அறையில் வைத்து, அங்குள்ள காற்றை அளக்கணும். கலிஃபோர்னியா வகுத்த முறை இது. அறைக்குள் என்ன வருது என்ற கணக்கு.

இரண்டும் ஒன்றல்ல. கொதிநிலை 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் உள்ள பொருள்கள் பல விதிகளில் வி.ஓ.சி. கணக்கிலேயே வராது. ஆனால், காய்ந்த சுவரிலிருந்து அவை வாரக்கணக்கில் மெல்ல வெளியேறும். வாடை இல்லை என்பதற்காக ஆவி இல்லை என்று அர்த்தம் கிடையாது.

கடற்கரை வீட்டின் கதை வேறு

ராயபுரத்திலோ எண்ணூரிலோ இருப்பவரிடம் கேட்டுப் பாருங்க. உப்புக் காற்றில் கிரில் எத்தனை சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று சொல்வார். அதனால் ரெட் ஆக்சைடு, எனாமல் என்று திரும்பத் திரும்ப அடிக்கணும். இளக்க தின்னர் ஊற்றணும். கை அளவுக்கு ஊற்றும் அந்தத் தின்னர், டப்பாவில் அச்சடித்த எண்ணில் கிடையாது. கடையில் நிறம் கலக்கும்போது சேரும் சில வகை சாயங்களும் அப்படித்தான்.

'ஜன்னலைத் திறந்து வைங்க, சரியாகிடும்' என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினாங்க. ஆலை வாடை வீசும் நாளில் ஜன்னலைச் சாத்துவது இங்கே பழக்கம். சாத்தினால் உள்ளே இருப்பது உள்ளேயே தங்கும். வெளிக்காற்றை நம்ப முடியாத ஊரில்தான் உள்காற்றுச் சோதனை அதிகம் தேவை.

என்ன கேட்கலாம்?

டப்பா எண்ணை வைத்து மட்டும் புள்ளி கொடுப்பது போதாது என்பதே என் கருத்து. ஆட்கள் குடியேறும் முன் ஒரு ஃப்ளாட்டிலாவது காற்றை அளந்து, அந்த அறிக்கையை வாங்குபவர் கையில் கொடுக்கணும். லீட் முறையில் இதற்குத் தனிப் புள்ளி உண்டு, ஆனால் கட்டாயமில்லை. கட்டாயமாக்கணும்.

வீடு வாங்கும் நீங்கள் பில்டரிடம் மூன்று கேள்வி கேளுங்க: அறைச் சோதனை அறிக்கை இருக்கா? கிரில்லுக்கும் கதவுக்கும் என்ன அடிச்சீங்க? கடைசி கோட் அடித்து எத்தனை நாள் ஆச்சு?

இன்னொருவரையும் மறக்க வேண்டாம். பெயின்டர் வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களில் ஒன்றாக, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1989-லேயே வகைப்படுத்திவிட்டது. 14-வது நாள் காற்றை அளக்கிறோம். முதல் நாள் காற்றை முழுசாகச் சுவாசிப்பவர் அவர்தான். அவருக்கு நல்ல முகக்கவசமும், தின்னர் தேவைப்படாத பெயின்ட்டும் கொடுக்காத கட்டிடத்தைப் பச்சை என்று எப்படிச் சொல்வது?