மாலை வகுப்புப் பணத்துக்கும் கணக்குக் கேட்போம்



ஊர்த் திருவிழா முடிந்தால் வசூல் கணக்கைப் பைசா வரை கேட்கிறோம். தார்ச்சாலை போட்டால் ஜல்லி போதுமா என்று குனிந்து பார்க்கிறோம். பள்ளி நேரத்துக்கு வெளியே நம் பிள்ளைகள் படிக்க அரசு தரும் பணத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை.

கொரோனாவால் விட்டுப்போன படிப்பைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மாலை 5 முதல் 7 மணிக்குள் வகுப்பு என்று தொடங்கினார்கள். அப்போது 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், அவருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று வைத்தார்கள். முதலில் ஒதுக்கியது 200 கோடி.

கோடி என்றதும் மலைக்க வேண்டாம். 1,000-ஐ 20-ஆல் வகுங்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய். அதற்கும் பலன் இருந்தது. பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த 6 மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்பால் வந்தது என்றார்கள்.

தொகை சிறியது என்பதுதான் எனக்குக் கவலை. கோடியில் குறைந்தால் செய்தித்தாளில் வரும். ஒரு தெருவில் ஊக்கத்தொகை வராமல் ஒரு பெண் வகுப்பை நிறுத்தினால் வெளியே தெரியாது. 20 பிள்ளைகளின் மாலைநேரம் போய்விடும். ஒகேனக்கல்லில் அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்: மீன் வறுக்கும் கடைக்கும் பரிசல் துறைக்கும்தான்.

உகாண்டா நாட்டில் 1991 முதல் 1995 வரை அரசு அனுப்பிய பள்ளி மானியத்தில் 100-க்கு 13 பங்குதான் பள்ளிகளை அடைந்தது என ஓர் ஆய்வு கண்டது. பிறகு அனுப்பும் தொகையைச் செய்தித்தாளில் வெளியிட்டார்கள், பள்ளியிலும் ஒட்டினார்கள். 2001-இல் 80-க்கு மேல் வந்து சேர்ந்தது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் எவ்வளவு வர வேண்டும் என்று ஊருக்குத் தெரிந்தது பெரிய காவல்.

நாம் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. நம் ஊராட்சியில் எத்தனை மையங்கள் நடக்கின்றன, நின்றிருந்தால் எப்போது, ஏன்? ஊக்கத்தொகை எத்தனை பேருக்கு, எந்த மாதம் வரை வந்தது? எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள்?

ஊரில் இருப்பவர்கள் கிராம சபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கேளுங்கள். பெங்களூரு, ஓசூரில் வேலை பார்ப்பவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குத் தபாலில் மனு அனுப்புங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இது யாரையும் திருடன் என்று சொல்வதற்கு அல்ல. ஒழுங்காக வேலை செய்யும் அலுவலருக்கும் இந்தக் கணக்கு பலம்தான். பதில் வந்ததும் இங்கே போடுங்கள். எல்லோரும் சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.