நூடுல்ஸ் இருக்கு... கரன்ட் இருக்கா?

மக்களே, ஒரு சின்ன டெஸ்ட். புத்தகத்தைக் கவுத்து வெச்சிட்டு உங்க ரூம் ஷெல்ஃபை ஒரு தடவை எட்டிப் பாருங்க. நாலு நூடுல்ஸ் பாக்கெட், ஒரு ஊறுகாய் பாட்டில், ஊர்லேர்ந்து அம்மா கொடுத்துவிட்ட ஏதோ ஒரு பொடி, அடுப்புன்னு சொல்லிக்க ஒரு இண்டக்‌ஷன் ஸ்டவ். கரெக்ட்டா? 'புயல் வந்தா வரட்டும், ஸ்டாக் இருக்கு'ன்னு ஒரு தெம்பு வேற. அந்தத் தெம்போடதான் நாங்களும் இருந்தோம், 2023 டிசம்பர் 3-ம் தேதி ராத்திரி வரைக்கும்.

அண்ணனூர் ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து நடக்கற தூரத்துல ஒரு மாடி ரூம். மூணு பேர். மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது என்னவோ 5-ம் தேதி, ஆந்திராவுல பாபட்லா பக்கம். ஆனா அதுக்கு முன்னாடி 3, 4 தேதிகள்ல சென்னைக்குப் பக்கத்துக் கடல்ல நின்னு நிதானமா நம்மைப் புரட்டி எடுத்துடுச்சு. 4-ம் தேதி விடிகாலை கரன்ட் போச்சு. எலெக்ட்ரிக் டிரெயின் ஓடலை. தெருவுல முட்டி அளவு தண்ணி.

காலையில பசிக்கும்போதுதான் உறைச்சுது. கரன்ட் இல்லைன்னா இண்டக்‌ஷன் ஸ்டவ் வெறும் கண்ணாடிப் பலகை! மோட்டார் ஓடாது, அதனால டாங்க்ல தண்ணி ஏறாது. மழைத்தண்ணி தெருவுல ஆறா ஓடுது, சமைக்க ஒரு சொம்பு இல்லை. ஹவுஸ் ஓனர் வீட்டு இன்வெர்ட்டர்ல ஸ்டவ்வை சொருகலாம்னு எங்க ரூம் விஞ்ஞானி ஐடியா கொடுத்தான். ஸ்டவ் பின்னாடி எழுதியிருந்ததைப் படிச்சா, 2000 வாட்ஸ். ரெண்டு ஃபேன், நாலு லைட்டுக்குன்னு போடற இன்வெர்ட்டர் அதைத் தாங்குமா? நல்லவேளை, கேட்கப் போகலை. நூடுல்ஸைப் பச்சையா நொறுக்கி, மசாலாவைத் தூவித் தின்னோம். மதியமும் அதே. 'க்ரஞ்ச்சியா இருக்குடா'ன்னு சிரிச்சோம்.

ராத்திரி சிரிப்பு போச்சு. ஃபிரிட்ஜ்ல முந்தின நாள் முட்டைக் குழம்பு இருந்தது. கரன்ட் போய் 17 மணி நேரம் ஆச்சுன்னு யாரும் கணக்குப் போடலை. நாங்க ரெண்டு பேரும் நூடுல்ஸே போதும்னு இருந்துட்டோம். ஒருத்தன் மட்டும் பசி தாங்காம பிரெட்டுல தொட்டுச் சாப்பிட்டான். நடுராத்திரிக்கு மேல வாந்தி, வயித்துப்போக்கு. போன்ல சார்ஜ் 6 பர்சன்ட். தெருவுல ஆட்டோ வராது. டார்ச் வெளிச்சத்துல அவன் முகத்தைப் பார்த்தப்ப நிஜமாவே பயமா இருந்தது.

கீழ்வீட்டுக் கதவைத் தட்டினோம். அக்கா எழுந்து வந்து ரெண்டே கேள்விதான் கேட்டாங்க. "என்னப்பா சாப்பிட்டான்? ஒண்ணுக்குப் போறானா?" காஸ் அடுப்புல தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற வெச்சாங்க. ஒரு லிட்டருக்குத் தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலக்கி, வாய் வாயா விடியற வரைக்கும் கொடுத்தோம். காலையில எழுந்து உட்கார்ந்தான். (இந்த அளவை இப்பவே சுவத்துல எழுதி ஒட்டுங்க. உப்பைக் கூட்டிப் போட்டா உதவாது, ஆபத்து. குடிச்சது தங்கவே இல்லை, சிறுநீர் வரலை, மயக்கம்னா வீட்டு வைத்தியம் பார்த்துக்கிட்டு உட்காரக் கூடாது, 108-தான்.)

அப்புறம் அக்கா எங்களை விட்ட டோஸ் இருக்கே! "மூணு பேர் பச்சை நூடுல்ஸைத் தின்னுக்கிட்டு இருக்கீங்க, கீழ வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" சொல்லியிருக்கலாம்தான். எங்களுக்கு அது ஒரு கௌரவப் பிரச்னை!

அடுத்த ரெண்டு நாள் அந்தச் சமையலறையில நான் கத்துக்கிட்டது நாலு வருஷ இன்ஜினீயரிங்குக்குச் சமம். முதல் விஷயம், கரன்ட் போனதும் டப்பாவுல இருக்கறதைத் தொடாதீங்க. கெட்டுப் போறதை முதல்ல காலி பண்ணணும். கதவைத் திறக்காம விட்டா ஃபிரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடிச்சு வெச்சிருக்கும். 'இன்னும் ஜில்லுனு இருக்கா'ன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கறவர் ரூமுக்கு ஒருத்தர் இருப்பார், அவரைக் கட்டிப் போடுங்க. பாலை உடனே காய்ச்சி, பாதியை உறை ஊத்திடணும். தயிரானா இன்னும் ஒரு நாள் ஓடும். பால் சும்மா கிடைக்கற சமாச்சாரம் இல்லை பாஸ். அந்தப் புயல்ல அம்பத்தூர் ஆவின் பண்ணைக்குள்ளேயே தண்ணி புகுந்து, சென்னையே பால் பாக்கெட்டுக்கு அலைஞ்சுது.

இட்லி மாவு இருந்தா முதல் நாளே தோசை. மறுநாள் புளிச்சிருக்கும், வெங்காயம் பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம். மூணாவது நாள் அதைப் பார்த்துக் கும்பிடு போட்டுக் கொட்டிடுங்க. மீந்த குழம்பு, கறி, முட்டை அயிட்டம் எல்லாம் நாலு மணி நேரம் தாண்டினா வேணவே வேணாம். 'கொதிக்க வெச்சா சரியாயிடும்'ங்கறது பெரிய டுபாக்கூர். சில கிருமிகள் விட்டுட்டுப் போற விஷம் கொதிச்சாலும் போகாது. வெள்ளத் தண்ணி பட்ட பாக்கெட்டும் அப்படித்தான், உள்ளே நனையலைன்னாலும் குப்பைக்கு.

மிக்ஸி இல்லாம சட்னி? சின்ன வெங்காயம், வரமிளகாய், உப்பு, துளி புளி. எவர்சில்வர் டம்ளர் அடிப்பாகத்தால நசுக்கி, மேல நல்லெண்ணெய். சத்தியமா சொல்றேன், மிக்ஸியில அரைச்சது கிட்ட வராது. கத்தரிக்காயை அடுப்புத் தீயிலேயே சுட்டு, தோலை உரிச்சு, கையால பிசைஞ்சா ஒரு பச்சடி ரெடி. அரிசியைக் கழுவின ரெண்டாவது தண்ணியை அக்கா கீழே ஊத்தலை, அதுலதான் புளியை ஊற வெச்சாங்க. ஒரே குக்கர்ல அரிசி, பருப்பு, இருக்கற காய் எல்லாம் போட்டுக் கூட்டாஞ்சோறு. பாத்திரம் ஒண்ணு, கழுவற தண்ணியும் கம்மி.

சரி, கீழ்வீட்டுல அக்கா இல்லை, காஸும் இல்லை. அப்போ? இதுக்குத்தான் நம்மாளுங்க அவல்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. நெல்லை ஊற வெச்சு, வறுத்து, இடிச்சு எடுக்கறதுதான் அவல். அதாவது அது ஏற்கெனவே வெந்த சமாச்சாரம். மெல்லிசு அவலுக்குத் தண்ணி தெளிச்சாப் போதும், கெட்டி அவலுக்குக் கால் மணி நேரம் ஊறணும். உப்பும் மோரும் விட்டா ஒரு வேளை. புளித்தண்ணியில ஊற வெச்சு, அம்மா கொடுத்த பொடியைத் தூவினா இன்னொரு வேளை. வெல்லம் போட்டா டிஃபன். அடுப்பு தேவையே இல்லை, தண்ணியும் கொஞ்சம்தான். ஆனா குடிக்கற தண்ணியா இருக்கணும், கேன்ல முன்னாடியே பிடிச்சு வெச்சதா.

கொங்குப் பக்கத்துப் பசங்களுக்குப் பச்சைப்புளி ரசம் தெரிஞ்சிருக்கும். புளியைக் கரைச்சு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், கொத்தமல்லித்தழை தட்டிப் போட்டு உப்பு சேர்த்தா முடிஞ்சுது, கொதிக்க வைக்கற வேலையே கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பார்க்கற பீகார்க்காரங்களைக் கேட்டா 'சத்து'ன்னு ஒண்ணைச் சொல்வாங்க. வறுத்த கடலை மாவைத் தண்ணியில கரைச்சு, வெங்காயம், எலுமிச்சை, உப்பு. வயித்துல திம்முனு நிக்கும். நம்ம பொட்டுக்கடலையும் வறுத்ததுதானே, மழை சீசனுக்கு முன்னாடி மாவா அரைச்சு டப்பாவுல போட்டு வைங்க. அந்த மாவோட நாட்டுச்சர்க்கரையைக் கலந்து சாப்பிடாத பால்யம் உண்டா?

நூடுல்ஸ்தான் வேணும்னு அடம் பிடிச்சா, 5 கிலோ காஸ் சிலிண்டர் வாங்கிக்கோங்க. முகவரிச் சான்று வேணாம், அடையாள அட்டை போதும். ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க. தீப்பெட்டியை மூடின டப்பாவுல வைங்க, நமத்துப் போச்சுன்னா எல்லாம் வேஸ்ட். ஆனா மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திட்டு ரூமுக்குள்ள கரியைப் போட்டுச் சமைக்கற வீரம் மட்டும் வேணாம். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கினவங்க எழுந்திருக்க மாட்டாங்க.

அக்காகிட்ட, இவ்வளவு பொருளை எப்படி எப்பவும் ரெடியா வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன். 2016-ல வர்தா அடிச்சப்ப கத்துக்கிட்டாங்களாம். டிசம்பர் 12. மரமும் கம்பமுமா தெருவுல விழுந்து கிடக்கு. நவம்பர் 8-ம் தேதிதான் ஐந்நூறு, ஆயிரம் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சிருந்தாங்க. பேங்க்ல பணம் இருக்கு, கையில சில்லறை இல்லை. கடையில கார்டு மெஷினும் செத்துக் கிடக்கு. ஒரு கிலோ அரிசிக்குக் கடன் சொன்னாங்களாம். அதுலேர்ந்து வருஷா வருஷம் அக்டோபர் வந்தா ரெண்டு கிலோ அவல், ஒரு கிலோ பொட்டுக்கடலை, வெல்லம், புளி, ஒரு பாக்கெட் மெழுகுவத்தி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல பத்து ரூபா நோட்டா ஐந்நூறு ரூபா. மழை முடிஞ்சா ஜனவரியில அந்த அவலும் வெல்லமும் பாயசமாயிடும்.

எங்க ஷெல்ஃபுல இப்ப நூடுல்ஸுக்குப் பக்கத்துல ஒரு அவல் டப்பா நிக்குது. முட்டைக் குழம்பு ஆசாமிதான் அதுக்கு இன்சார்ஜ். நடுராத்திரி பசிக்குதுன்னு யாராவது அதுல கை வெச்சா, அடுத்த நாள் காலையில மளிகைக் கடைக்கு அவங்கதான் போகணும்.