இருமலும் அரைப்பேரும்

"தோட்டத் தொழிலாளிக்கு நோயைப் பற்றிய அறிவு கிடையாது, இரத்தம் துப்பும்வரை வைத்தியரிடம் வரவே மாட்டான்" என்று அலுத்துக்கொள்ளும் பெரிய மனிதர்களை நாம் மலையகத்தில் அடிக்கடி சந்திக்கிறோம். அறிவுரைக்குப் பஞ்சமில்லை. துண்டுப்பிரசுரங்களும் வருகின்றன. அவை சொல்வது உண்மையே: இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைத் தடிமன் என்று தள்ளிவிடலாகாது. எல்லா இருமலும் காசநோயன்று. விறகடுப்புப் புகையும் பீடியும் தொய்வு நோயும் காரணமாகலாம். ஆனால், மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் உடல் மெலிவும் சேர்ந்துவிட்டால் சளியைப் பரிசோதித்தே தீரவேண்டும். அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இலவசமா? கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி மலையிலிருந்து இறங்கி, பஸ் பிடித்துப் பட்டணம் போய்த் திரும்பினால் அன்றைய பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளமில்லை. நோயோடு மலையேறினாலோ, கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர். அதுவும் ஒரு நாளோடு முடிவதன்று. சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதம்; இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு மசியாததாகிவிடும். இந்தக் கணக்கை அவள் நம்மைவிட நன்கறிவாள். அறியாமை எவரிடம் இருக்கிறது?

வெள்ளையர் காலத்து லயங்கள் பலவற்றில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள், இன்றும் ஒரு குடும்பமே படுத்துறங்குகிறது. காசநோய் காற்றின் வழியே பரவுவது. அயலாரோ நோயாளியின் கோப்பையை ஒதுக்கிவைக்கிறார்கள். கோப்பையால் அது பரவுவதில்லை. காற்றுப் புகாத அந்தச் சுவரை எழுப்பியவன் எவன், இன்னும் இடிக்காமல் வைத்திருப்பவன் எவன் என்று கேட்போர்தான் இல்லை.

பேனா பிடித்த நாமும் தப்ப முடியாது. காதலில் தோற்ற கதாநாயகனை இருமவைத்துச் சாகடித்து, வாசகரின் கண்ணீரை அறுவடை செய்தவர்கள் நம்மிடையே உண்டு. கோக் என்ற ஜெர்மானியர் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தது 1882இல். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். நம் புதுமைப்பித்தன் காசநோயால் மாண்டது 1948இல்! மருந்து உலகில் இருப்பதும் அது நோயாளியின் கைக்கு வந்து சேர்வதும் ஒன்றல்லவே.

ஆகவே, அறிவுரையைச் சற்று நிறுத்துங்கள். சளிப் பரிசோதனை லயத்து வாசலுக்கு வரட்டும். சிகிச்சைக்குப் போகும் நாளுக்கு முழுப்பேர் போடப்படட்டும். அதன் பிறகும் அவள் வராவிட்டால் அறிவில்லாதவள் என்று சொல்லுங்கள், நாமும் கேட்டுக்கொள்கிறோம்.