படம் சொல்வதும் நாம் சொல்வதும்

1990 டிசம்பர் 6 அன்று திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அவ்வால்வின் அசையும் வட்டு, மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனால் ஆனது. செயற்கை முழங்கால் மூட்டின் உலோகப் பகுதிகளுக்கிடையே வைக்கப்படுவதும் அதே வகைப் பொருளே. அயற்பொருளை உடலுக்குள் பொருத்தும் கலையை நாம் கற்றுவிட்டோம்; அதன்மேல் கிருமி குடியேறிவிட்டதா என்று வெளியிலிருந்து அறியும் கலை இன்னும் கைவரவில்லை. அந்த அறிதலில் மொழிக்கும் பங்குண்டு என்பதே இப்பதிவின் வாதம்.

மூட்டு மாற்று அறுவை செய்துகொள்வோரில் நூற்றுக்கு ஓரிருவருக்குத் தொற்று நேர்கிறது. ஆண்டுகள் கழித்து வலி தோன்றினால் எழும் முதல் வினா: மூட்டு வெறுமனே தளர்ந்திருக்கிறதா, தொற்றால் தளர்ந்திருக்கிறதா? வெறும் தளர்வெனில் பெரும்பாலும் ஒரே அறுவையில் மூட்டை மாற்றிவிடலாம். தொற்றெனில், பல வேளைகளில் மூட்டை அகற்றி, நுண்ணுயிர்க்கொல்லி கலந்த சிமெண்ட்டை அவ்விடத்தில் வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, மீண்டும் ஓர் அறுவை செய்ய வேண்டும். இல்லாத தொற்றை உண்டென்றாலும், உள்ள தொற்றை இல்லையென்றாலும், விலை கொடுப்பது நோயாளியின் கால்தான்.

இவ்வினாவுக்குப் படமெடுப்பு நேரடியாக விடை தருவதாகப் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. ஒவ்வொரு படமும் வேறொரு வினாவைக் கேட்கிறது. எக்ஸ்ரே, உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையே இடைவெளி விழுந்துள்ளதா என்று கேட்கிறது. டெக்னீசியம் கொண்டு எடுக்கப்படும் மூன்று கட்ட எலும்பு ஸ்கேன், எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறதா என்று கேட்கிறது. அறுவைக்குப் பின் ஓராண்டு கடந்தும், தொற்று இல்லாத முழங்காலில்கூட, அதன் விடை ‘ஆம்’ என்றிருக்கலாம். பெட் ஸ்கேன், திசு குளுக்கோஸை மிகுதியாக உட்கொள்கிறதா என்று கேட்கிறது. தேய்ந்த பாலிஎத்திலீன் துகள்களை எதிர்க்கும் அழற்சியும் அவ்வாறே உட்கொள்ளும். நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்து, கதிரியக்க அடையாளமிட்டு மீண்டும் செலுத்தப்படும் வெள்ளணுக்களின் ஸ்கேன், அவ்வணுக்கள் எங்கே கூடுகின்றன என்று கேட்கிறது. அவை எலும்பு மஜ்ஜையிலும் இயல்பாகவே கூடுவதால், மஜ்ஜையைத் தனியே படமெடுத்து ஒப்பிட வேண்டியிருக்கிறது. இவற்றுள் எதுவும் ‘கிருமி உள்ளதா’ என்று கேட்பதில்லை. அதைக் கேட்பது ஊசியால் எடுக்கப்பட்ட மூட்டு நீரும், அறுவையில் எடுக்கப்பட்ட திசுவும், அவற்றின்மீது செய்யப்படும் வளர்ப்புச் சோதனையும்தான்.

ஐரோப்பிய எலும்பு, மூட்டுத் தொற்றுக் கழகம் 2021-இல் வெளியிட்ட வரையறை இதைத் தெளிவாக உணர்ந்திருக்கிறது. அது தொற்றை ‘வாய்ப்புக் குறைவு’, ‘வாய்ப்புண்டு’, ‘உறுதி’ என மூன்று படிகளாகப் பிரிக்கிறது. வெள்ளணு ஸ்கேனில் மாற்றம் தென்பட்டால் இரண்டாம் படி. எலும்பு ஸ்கேனில் மாற்றமில்லையெனில் அது முதற்படிக்குச் சான்று. எந்தப் படமும் தனித்து நின்று மூன்றாம் படிக்கு ஏற்றுவதில்லை.

மூன்று படிகள் என்பது மருத்துவப் பாகுபாடு மட்டுமன்று. அது வினைமுற்றின் பாகுபாடும்கூட. ‘இருக்கிறது’, ‘இருக்கக்கூடும்’, ‘இருக்க வாய்ப்பில்லை’ என்று ஐயத்தை அளந்து சொல்லும் ஆற்றல் தமிழுக்கு உண்டு. ஆயினும் அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. ‘தொற்று இல்லையென்று திட்டமாகச் சொல்ல இயலவில்லை’ என்னும் பொருளில் அங்கே வழங்கும் தொடர், எச்சரிக்கைக்காகச் சேர்க்கப்படுவது. அதையே ‘தொற்று இருப்பதை மறுப்பதற்கில்லை’ என்று தமிழாக்கினால் பொருள் தலைகீழாகிறது. தமிழில் ‘மறுப்பதற்கில்லை’ என்பது ஐயமன்று, ஒப்புதல். ‘அவர் திறமையானவர் என்பதை மறுப்பதற்கில்லை’ என்னும்போது நாம் அவர் திறமையை உறுதியே செய்கிறோம். மெல்லிய ஐயமாகப் புறப்பட்ட தொடர் நோயாளியின் செவியில் தீர்ப்பாக விழுகிறது.

குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்தது. எல்லை மாறிய பின்னும் அங்குள்ள தமிழர் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் வருவது நிற்கவில்லை. மலையாளம் பேசும் மருத்துவர், ஆங்கில அறிக்கை, தமிழ் நோயாளி என மூன்று மொழிகள் சந்திக்கும் அறையில் ஒரு வினைமுற்றின் பிழை சிறு பிழையன்று.

ஆகவே மூன்று கோரிக்கைகள். ஒன்று, அறிக்கையில் கண்டதையும் கருதியதையும் தனித்தனி வாக்கியங்களாக எழுத வேண்டும். இரண்டு, அந்தப் படம் கேட்ட வினா எது, கேட்காதது எது என்று ஒரு வரியில் குறிக்க வேண்டும். மூன்று, ஐயத்தின் அளவு மாறாத சுருக்கத்தை நோயாளியின் மொழியில் தர வேண்டும். இதற்கு நேரமில்லை என்பர் மருத்துவர்கள். அவர்களது பணிச்சுமை உண்மையே. ஆனால் படிநிலைக்கொரு தொடராகத் தரப்படுத்திய தமிழ், மலையாள வாக்கியங்களை ஒருமுறை வகுத்துவிட்டால் போதும். அவ்வேலையை மருத்துவ மாணவர்களும் மொழியியல் மாணவர்களும் சேர்ந்தே செய்ய முடியும். கலைச்சொல்லாக்கத்தில் பெயர்ச்சொற்களுக்காக இத்தனை காலம் உழைத்திருக்கிறோம். இனி வினைமுற்றுகளுக்காகவும் சற்று உழைப்போம். இத்துறைகளில் பயில்வோர் தம் மறுப்பையும் திருத்தத்தையும் கீழே எழுதுமாறு வேண்டுகிறேன்.